அந்தத் தண்ணி சீன் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டது நான்தான், புத்தி இருந்தால் பண்ணியிருப்பேனா. தமிழில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தது இல்லை, 2021 பொங்கலுக்கு மறுநாள் வந்த ஜியோ பேபியின் மலையாளப் படம். மாமா பாலக்காட்டில் 2 வருஷம் குப்பை கொட்டியவர் என்பதால் மொழிபெயர்ப்பு இலாகாவை அவரிடம் ஒப்படைத்தோம். பாவம், வேலையே வரவில்லை. நறுக்குகிறார்கள், தாளிக்கிறார்கள், கழுவுகிறார்கள், மறுபடி நறுக்குகிறார்கள். வாங்கின பதவிக்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று "இப்ப தோசை ஊத்துறாங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் வீடு கட்சி கட்சியாகப் பிரிந்துவிட்டது. "சமைக்கிறதையே காட்டிட்டிருக்கான், கதை எங்கடா?" என்றார் அப்பா. அதுதான்ப்பா கதை என்றால், இதுக்கா கேரள அரசு சிறந்த படம்னு விருது கொடுத்துச்சு என்று என்னவோ நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி என்னை முறைக்கிறார். படத்தில் அம்மியில் அரைத்த சட்னிதான் வேண்டும் என்று புது மருமகளிடம் சொல்கிற மாமனாருக்குப் பாட்டியின் முழு ஆதரவு. "அவர் கேக்கிறதுல என்ன தப்பு, மிக்ஸி சட்னிக்கு ருசி ஏது?" பாட்டி கடைசியாக அம்மியைத் தொட்டது யார் ஆட்சியில் என்று யாருக்கும் ஞாபகமில்லை. குழவி இப்போது மொட்டை மாடிக் கதவுக்கு முட்டு. அத்தையின் விமர்சனம் தனி ரகம்: "படத்துலேயே புத்திசாலி அந்த மாமியார்தான். மகளுக்குப் பிரசவம்னு கிளம்பிட்டா பாரு."

சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்கிற விஷயம் வந்ததும் வருஷா வருஷம் மாலை போடுகிற மொழிபெயர்ப்பாளர் ராஜினாமா செய்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். படம் வந்த புதிதில் ஊரே அடித்துக்கொண்ட இடமும் அதுதான், மாமாவைத் தனியாகக் குறை சொல்ல முடியாது.

சிங்க் ஒழுகுகிற காட்சியில்தான் அப்பா வாயைக் கொடுத்தார். "பிளம்பரைக் கூப்பிட்டா முடிஞ்சுது, இதுக்கு ஒரு படமா?" எங்கள் சிங்குக்கு அடியில் ஆடி மாதத்திலிருந்து ஒரு பெயிண்ட் டப்பா நிற்கிறது. யாரும் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே அம்மா எங்களுக்காக பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

100 நிமிஷப் படத்தில் அம்மா உட்கார்ந்து பார்த்தது கடைசி 10 நிமிஷம் இருக்கும். அந்த மருமகள் சிங்க் தண்ணியைத் தூக்கிப் புருஷன் மேலும் மாமனார் மேலும் ஊற்றினாள் பாருங்கள், அம்மா சிரித்த சிரிப்பில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த மாமா உள்ளே ஓடி வந்துவிட்டார். அப்புறம் மெதுவாக, "டேய், அந்தத் தண்ணி சீனை மட்டும் இன்னொரு தடவை போடேன்" என்றாள். போட்டேன். மொத்தம் 4 தடவை போட்டேன். அப்பா பஜ்ஜியை வைத்துவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார்.

நேற்று ராத்திரி அம்மா பெயிண்ட் டப்பாத் தண்ணியைக் கொட்ட ஹால் வழியாகக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.