கையெழுத்துக்காக வருபவர்கள்

ராணுவத் தளத்து நூலகத்தில் வேலை என்று சொன்னதும் அநேகமாக எல்லோரும் கேட்பது, "அங்கே படிக்க யாருக்கு நேரம் இருக்கும்?" என்பதுதான். அமெரிக்கத் தரைப்படைத் தளம் ஒன்றின் நூலகத்தில் 11 வருடமாக கவுண்டரில் நிற்கிறேன். நான் சிவிலியன் ஊழியர், சீருடை கிடையாது. நூலகத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காத சிப்பாயும் ஒருநாள் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். அது அவர் தளத்தைவிட்டுக் கிளம்புகிற நாள்.

வேறு தளத்துக்கு மாற்றல் வந்தாலோ, பணிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போவதானாலோ, கையில் ஒரு கிளியரன்ஸ் தாளைக் கொடுத்துவிடுவார்கள். குடியிருப்பு அலுவலகம், மருத்துவமனை, உடை உபகரணம் திருப்பித் தருகிற இடம், சம்பளப் பிரிவு என்று ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கி, "இவர் பெயரில் பாக்கி எதுவும் இல்லை" என்று வாங்கிவர வேண்டும். அந்தப் பட்டியலில் நூலகமும் ஒன்று. "நான் இங்கே வந்ததே இல்லை மேம், கையெழுத்து மட்டும் போதும்" என்பார்கள். சரிதான், இருந்தாலும் பெயரைத் தட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது. கம்ப்யூட்டர் பதில் சொல்கிற அந்த அரை நிமிடத்தில் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பார்கள். அலமாரிகள், குழந்தைகள் பகுதி, ஜன்னல் ஓரத்து நாற்காலிகள், கதவு போட்ட சின்னப் படிப்பறைகள். "இவ்வளவு இருக்கா இங்கே?" என்று ஒரு பையன் கேட்டான். மூன்று வருடம் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு அறையில் இருந்திருக்கிறான், அன்று மாலை கிளம்புகிறான். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. தளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடக்கும் அறிமுகக் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது அதற்கப்புறம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் புத்தகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அமைதியைப் பற்றித்தான் பேசுவேன். பாரக்ஸில் இருக்கிற இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தனிமை என்பதே அபூர்வம். பக்கத்துக் கட்டிலில் ஒருவன், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ போடும் பாட்டு, எந்த நேரமும் யாராவது கதவைத் தட்டிக் கூப்பிடலாம். நூலகத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். உள்ளே வரும்போது தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். கர்னலும் நேற்றுச் சேர்ந்த சிப்பாயும் ஒரே பிரிண்டர் முன்னால் வரிசையில் நிற்பார்கள், அந்தப் பிரிண்டர் இருவருக்கும் ஒரே மாதிரிதான் மக்கர் பண்ணும்.

மாலை ஆறு மணிக்கு மேல் மூலை மேசைகளில் நடப்பது பெரும்பாலும் கணக்குப் பாடம். ராணுவத்தில் சேரும்போது எழுதும் தேர்வில் ஜி.டி. என்று ஒரு மதிப்பெண் உண்டு. அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க, வாரண்ட் அதிகாரி ஆக, அதில் 110 வேண்டும். பதினெட்டு வயதில் அக்கறை இல்லாமல் எழுதி 98, 102 என்று வாங்கினவர்கள், நாலைந்து வருடம் கழித்துத்தான் அந்த எண் வழியை மறிக்கிறது என்று உணர்கிறார்கள். மறுபடி எழுதலாம், ஆனால் படிக்க வேண்டும். முப்பதை நெருங்குகிற ஒரு சார்ஜண்ட், கையெல்லாம் கிரீஸ் கறையோடு, பின்னங்களைக் கூட்டக் கழிக்கக் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ மாலை பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகப் பயிற்சித் தேர்வுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, எங்கள் வழியாகத்தான் திறக்க முடியும். கல்லூரிப் பாடங்களை வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதித் தேறுகிற வசதிக்கும் இப்படித்தான். எங்களிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருவோம். இதெல்லாம் பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை, ஆனால் ஒருவர் தேறினால் நேராக ஆபீஸுக்குக்கூடப் போகாமல் எங்கள் கவுண்டருக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வேலையின் பழைய கதை எனக்கு ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து கிடைத்தது. ஒரு முதியவரின் மகள், அப்பா இறந்தபிறகு வீட்டை ஒழித்தபோது கிடைத்த புத்தகங்களை நன்கொடையாகக் கொண்டுவந்து வைத்தார். இப்படி வருவதில் முக்கால்வாசியைச் சேர்க்க முடியாது, பூஞ்சை பிடித்திருக்கும். நான் பிரித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று உயரம் குறைவு, அகலம் அதிகம், செக் புத்தகம் மாதிரி படுத்த வாக்கில். தாள் பழுப்பேறி, குத்தியிருந்த பின் துருப்பிடித்து அட்டையில் கறையாக இறங்கியிருந்தது. கழிக்கிற பக்கம் வைத்துவிட்டேன். எங்கள் மூத்த நூலகர் அந்தப் பக்கம் போனவர் குனிந்து அதை எடுத்தார், எடுத்த கையோடு உட்கார்ந்துவிட்டார்.

அது ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன். 1943 முதல் 1947 வரை அமெரிக்கப் படைகளுக்காக மட்டும் அச்சடித்த புத்தகங்கள். 1,322 தலைப்புகள், மொத்தம் சுமார் 12 கோடி பிரதிகள். பத்திரிகை அச்சடிக்கும் பெரிய இயந்திரங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களைச் சேர்த்து அடித்து, நடுவில் வெட்டிப் பிரிப்பார்கள். அதனால்தான் அந்தப் படுத்த வடிவம். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுத்து இருக்கும், மங்கலான வெளிச்சத்திலும் கண் வரியைத் தவறவிடாது. சீருடைப் பாக்கெட்டில் அடங்கும். ஒரு பிரதிக்குச் செலவு சுமார் ஆறு சென்ட். அட்டையின் கீழே, இது முழுப் புத்தகம், சுருக்கம் இல்லை என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. போர்முனையில் இருக்கிறவனுக்குச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கவில்லை பாருங்கள்.

அதற்கு முந்தைய முயற்சி அவ்வளவு சரியாக அமையவில்லை. 1942, 43-இல் வெற்றிப் புத்தக இயக்கம் என்று நாடு முழுக்கப் பொதுமக்களிடம் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு கோடியே எண்பது லட்சம்போல வந்து குவிந்தது. ஆனால் பரணில் கிடந்ததையெல்லாம் கொடுத்தவர்களும் இருந்தார்கள், கெட்டி அட்டைப் புத்தகத்தை முதுகுப் பையில் சுமப்பதும் முடியாத காரியம். அந்தப் பிரச்சினைக்கு விடையாகத்தான் பதிப்பாளர்கள் சேர்ந்து இந்தப் பாக்கெட் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நன்கொடைப் பெட்டிகளைப் பிரிக்கிறவள் என்ற முறையில் எனக்கு அந்த நாள் நூலகர்களின் கஷ்டம் நன்றாகவே புரியும்.

எங்கள் பெட்டியில் வந்த பிரதியின் உள்ளட்டையில் பென்சிலால் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் வேறு வேறு கையெழுத்து. ஒருவர் படித்து முடித்து அடுத்தவருக்குத் தள்ளியிருக்கிறார். மூன்றாவது பெயர்தான் அந்த முதியவருடையது. இப்போது கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறோம், உள்ளட்டை தெரிகிற மாதிரி திறந்து.

அதற்கப்புறம் நான் மூத்தவரிடம் கேட்டுக் கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன். தளங்களில் நூலகம் என்கிற ஏற்பாடு பெரிய அளவில் வேரூன்றியது முதல் உலகப் போரில். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெரிக்க நூலகச் சங்கம் போர்க்கால நூலகச் சேவையைத் தொடங்கியது. காங்கிரஸ் நூலகத்தின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் புட்னம் அதை நடத்தினார். பொதுமக்களிடம் 50 லட்சம் டாலர் திரட்டினார்கள், கார்னகி அறக்கட்டளைப் பணத்தில் 36 முகாம் நூலகங்களைக் கட்டினார்கள், 1920-க்குள் 70 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை புத்தகமும் இதழும் போய்ச்சேர்ந்தன. வீட்டில் படித்து முடித்த வார இதழின் மேல் ஒரு சென்ட் தபால்தலை ஒட்டி, உறைகூடப் போடாமல், முகவரிகூட எழுதாமல் தபாலில் சேர்த்தால் அது படைவீரர்களுக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு நான் மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். போர் முடிந்தபின் அந்த நூலகங்கள் படைகளின் பொறுப்புக்கே போயின, எங்களுடையது போன்ற நூலகங்கள் அந்த வழியில் வந்தவை.

எல்லாம் பெருமைப்படும்படியாக இல்லை. ஆரம்பத்தில் முகாம் நூலகங்களில் பெண்களை வேலைக்கு வைக்க மறுத்தார்கள். ஊரிலுள்ள நூலகங்களை நடத்தியதே பெண்கள்தான், ஆனால் முகாம் என்று வந்ததும் இடமில்லை. 1918-இல் பெண் நூலகர்கள் வெளிப்படையாக எதிர்ப்புச் சொன்னபிறகுதான் வழி திறந்தது. அதே வருடம் ஜெர்மனிக்குச் சாதகம், போருக்கு எதிர்ப்பு என்று குற்றம் சாட்டிப் பல புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னது போர்த்துறை, நூலகர்களும் எடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 1944-இல் இன்னொரு சட்டம் வந்தது, படைவீரர்கள் வாக்களிப்பது பற்றியது. அதில் ஒரு பிரிவு, தேர்தலைப் பாதிக்கும் அரசியல் கருத்து உள்ள எதையும் அரசுப் பணத்தில் படைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. அதைக் கறாராகப் பின்பற்றினால் வரலாற்று நூல்கூட மாட்டிக்கொள்ளும். இந்த முறை பதிப்பாளர்கள் விடவில்லை, பத்திரிகைகளில் எழுதிச் சத்தம் போட்டு, அந்த ஆகஸ்டுக்குள் சட்டத்தைத் தளர்த்த வைத்தார்கள். ஒரு தலைமுறை எடுத்துக் கொடுத்தது, அடுத்த தலைமுறை நின்று பேசியது. கவுண்டரில் யாராவது "இந்தப் புத்தகம் இங்கே எதற்கு?" என்று கேட்கும்போது எனக்கு இரண்டாவது கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் நூலகத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம், முன்பு ஸ்டேஷனரி அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன அறை. வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் அப்பாவோ அம்மாவோ அங்கே உட்கார்ந்து, தன் குழந்தைக்கு ஒரு புத்தகத்தை வாசிப்பதை வீடியோவாகப் பதிவு செய்வார்கள். அந்த வீடியோவும் புத்தகமும் குழந்தைக்குப் போகும். 1989-இல் கடற்படை விமானப் பிரிவு மருத்துவர் ஒருவரின் மனைவி தொடங்கிய யுனைடெட் த்ரூ ரீடிங் என்ற அமைப்பு இந்த முறையைப் பரப்பியது. இப்போது பல தளங்களில் உண்டு.

ஒரு சார்ஜண்ட் வந்தார். தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கரடிக்குட்டியின் கதையைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து வயது மகளுக்கு. கேமராவை ஓடவிட்டு நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன், அதுதான் வழக்கம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. முதல் முறை அறிக்கை படிக்கிற குரலில் மடமடவென்று படித்து முடித்தார். வெளியே வந்து, "சரியாக வரவில்லை, இன்னொரு முறை பார்க்கட்டுமா?" என்றார். இரண்டாம் முறை கரடிக்குட்டிக்கு ஒரு குரல், அம்மா கரடிக்கு ஒரு குரல் என்று ஆரம்பித்தார், ஆனால் அம்மா கரடி விளக்கை அணைக்கிற பக்கத்தில் நின்றுவிட்டார். புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மூன்றாவது முறை முடித்தார். அன்று அவருக்குப் பின்னால் பதிவுக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் வாட்சைப் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம். வாராவாரம் கதை நேரத்துக்கு அம்மாவோடு வரும் அந்தச் சின்னப் பெண், வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தும் எங்கள் அலமாரியிலிருந்து அதையே எடுத்துப் போவாள். எங்களுடையதில் அட்டை கெட்டி, அதனால் "இதுதான் பெரிய கரடி" என்பாள். ராணுவத்தில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் பள்ளி முடிப்பதற்குள் ஆறிலிருந்து ஒன்பது முறை பள்ளி மாறுகிறார்கள் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டபின் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பிள்ளையிடம் "வேறு ஏதாவது படியேன்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அப்பா பத்திரமாகத் திரும்பி வந்தார். வந்த சில மாதத்தில் மாற்றல். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கிளியரன்ஸ் தாளோடு கவுண்டரில் நின்றார். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன், ஒரு புத்தகம் பாக்கி. எது என்று சொல்லவே வேண்டியதில்லை. சாமான்களைப் பெட்டி கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள், அதில் எந்தப் பெட்டி என்று யாருக்குத் தெரியும்? விதி விதிதான், திரும்பி வரும்வரை கையெழுத்து இல்லை, அல்லது அதே பதிப்பில் வேறொரு பிரதி கொடுக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றே ஆர்டர் போட்டு, திங்கட்கிழமை புதுப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காரில் பின் சீட்டில் இருந்து சின்னது கையசைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே எங்கள் பழைய கெட்டி அட்டைப் புத்தகம், மன்னிப்புக் கேட்டு அம்மாவின் ஒரு வரி. புத்தகத்தைப் புரட்டினேன். விளக்கணைக்கிற பக்கத்தில் ஒரு புக்மார்க் இருந்தது. அதில் அவர்கள் போய்ச்சேர்ந்த தளத்து நூலகத்தின் பெயர், கதை நேரம் எத்தனை மணிக்கு என்று அச்சடித்திருந்தது, அந்த மணியைச் சுற்றி யாரோ நீலக் கிரேயானால் வட்டம் போட்டிருந்தார்கள்.

இரண்டு பிரதிகளும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புக்மார்க்கை நான் எடுக்கவில்லை.