தாமதமாக வந்து சேரும் செய்திகள்: ஆய்வு மாணவ வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்கள்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்கள் அனைவரும் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி, "எப்போது முடிப்பாய்?" என்பது. கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு உண்மையான விடை எந்த ஆய்வு மாணவரிடமும் இருப்பதில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுத் தேர்வாளர்களின் அறிக்கைகளுக்காகக் காத்திருக்கும் இந்த நாள்களில், கடந்துவந்த ஆண்டுகளை நிதானமாகத் திரும்பிப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டுகளின் மகிழ்ச்சிகளும் சோர்வுகளும் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கும்போது ஒரு காரணம் தெளிவாகப் புலப்படுகிறது. உழைத்த நாளுக்கும், அந்த உழைப்பு பயன்பட்டதா இல்லையா என்று தெரியவரும் நாளுக்கும் இடையே இருந்த நீண்ட இடைவெளிதான் அது.

பள்ளியிலிருந்து முதுகலை வரை நாம் பழகிய படிப்பில் இந்த இடைவெளி சிறியது, முன்பே வரையறுக்கப்பட்டதும்கூட. பாடத்திட்டம் உண்டு, தேர்வுத் தேதி உண்டு, சில வாரங்களில் மதிப்பெண் வந்துவிடும். வினாத்தாளைத் தயாரித்தவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். ஆய்வில் விடை யாருக்கும் தெரியாது, ஆய்வை வழிநடத்தும் நெறியாளருக்கும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் சேர்கிறோம் என்றாலும், அப்படி ஒரு நிலை உண்டு என்று அறிந்திருப்பதும், அந்த நிலைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நாளும் எழுந்து வேலைக்குப் போவதும் வேறு வேறு. எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களே முதல் ஆண்டில் அதிகம் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். உடனுக்குடன் கிடைத்துவந்த பாராட்டு நின்றுபோனதும், தங்கள் திறமையே நின்றுபோய்விட்டதாக அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

என் ஆய்வு ஆக்சைடு வகைச் செராமிக் பொருள்களைப் பற்றியது. மூலப்பொருள்களைத் துல்லியத் தராசில் நிறுத்து, அகேட் என்ற கடினமான கல்லாலான கல்வத்தில் இட்டு, மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். அரைத்த தூளை வில்லையாக அழுத்தி, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் உலையில் சூடாக்க வேண்டும். வெப்பத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்க வேண்டும். பொறுமையிழந்து உலையைத் திறந்தால் வில்லை விரிசல் விட்டுவிடும். ஆறிய வில்லையைத் திரும்பவும் பொடித்து பொருளின் அணு அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்தால், கோணம் நகர நகர, திரையில் முகடுகள் ஒவ்வொன்றாக எழும். எழ வேண்டிய கோணங்களில் மட்டும் அவை எழுந்தால் பொருள் தூய்மையானது. இரண்டு பெரிய முகடுகளுக்கு நடுவே, அடிக்கோட்டிலிருந்து சற்றே தலைதூக்கிய சிறிய மேடு ஒன்று தெரிந்தாலும், வேறு ஏதோ சேர்மம் உள்ளே உருவாகியிருக்கிறது என்று பொருள். மறுபடியும் கல்வம், மறுபடியும் உலை.

என் இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதியை அந்தச் சிறிய மேடு எடுத்துக்கொண்டது. வெப்பநிலையை மாற்றினோம், அரைக்கும் நேரத்தைக் கூட்டினோம், மூலப்பொருளை வேறு இடத்திலிருந்து வரவழைத்தோம். அது குறைந்ததே தவிர மறையவில்லை. அந்த மாதங்களில் எழுதிய ஆய்வகக் குறிப்பேட்டை இப்போது புரட்டினால், "இன்றும் உள்ளது" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகிறது. பின்னர் அந்தச் சேர்மம் இன்னது என்று அடையாளம் கண்டபோது, அது எந்த வெப்பநிலையில் பிறக்கிறது, எப்போது கரைந்துபோகிறது என்ற கேள்வியே தனி ஆய்வாக வளர்ந்தது. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அதைப் பற்றியதுதான். வீணாகிறது என்று நான் உறுதியாக நம்பிய நாள்கள், உண்மையில் ஓர் இயலுக்கான தரவுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த நாள்கள். அன்று அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அன்றைய சோர்வு உண்மையானது. ஆனால் வேலையின் நிலையைப் பற்றி அது சொன்ன சாட்சி சரியானதாக இல்லை.

இதை எழுதும்போது வானியற்பியலாளர் ஜோசலின் பெல் பர்னெல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1967ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. ஆன்டனி ஹியூவிஷின் வழிகாட்டுதலில், ரேடியோ தொலைநோக்கி ஒன்றைக் கட்டும் பணியில் மற்றவர்களோடு சேர்ந்து சுமார் 2 ஆண்டுகள் உடலுழைப்பு செய்தவர். தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய பிறகு, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வெளிவரும் வரைபடத் தாள்களைத் தம் கண்ணாலேயே பார்த்து அலசுவது அவருடைய வேலையாக இருந்தது. அந்தத் தாள்களில் ஓரிடத்தில், வழக்கமான விண்பொருள்களின் குறியீடும் அல்லாத, மனிதர்கள் உண்டாக்கும் இடையூறும் அல்லாத, சிறிய கிறுக்கல் போன்ற ஒன்றைக் கண்டார். அதை விட்டுவிடாமல் பின்தொடர்ந்தபோது, சுமார் 1.33 விநாடிக்கு ஒரு முறை சீராகத் துடிக்கும் சைகை தெரிந்தது. பல்சார் என்று நாம் இன்று அழைக்கும் துடிவிண்மீன்கள் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். அவருடைய ஆய்வேட்டில் இந்தக் கண்டுபிடிப்பு பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. 1974இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் வழங்கப்பட்டது; பெல் பர்னெல்லின் பெயர் அதில் இல்லை. 2018இல் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள பிரேக்த்ரூ சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, அந்தத் தொகை முழுவதையும், ஆய்வுத் துறையில் குறைவாக இடம்பெற்றுள்ள பிரிவினரிலிருந்து வரும் இயற்பியல் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார். உழைப்புக்கும் இந்தப் பரிசுக்கும் இடையே அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அந்தத் தொகையை ஆய்வு மாணவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

கட்டுரை வெளியிடும் முறையும் இந்த இடைவெளியை நீட்டிக்கிறது. ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் முதல் அறிவியல் இதழ்களுள் ஒன்றை லண்டனில் தொடங்கிய காலத்திலிருந்தே, புதிய முடிவுகளை விரைவாகப் பகிர்வதுதான் இதழ்களின் நோக்கம். இன்று ஒரு கட்டுரையை அனுப்பினால், அது பதிப்பாசிரியரிடம் சென்று, ஒத்த துறையினர் இருவர் அல்லது மூவரிடம் மதிப்பாய்வுக்குப் போய், அவர்களின் கருத்துகளோடு திரும்பி வருவதற்குச் சில மாதங்கள் ஆவது சாதாரணம். அந்த மதிப்பாய்வு தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெயர் தெரியாத மதிப்பாய்வாளர் ஒருவர் என் கட்டுரையின் ஒரே ஒரு வரைபடத்தைப் பற்றி எழுதிய இரண்டு பத்திகள், அந்தக் கட்டுரையையே மேம்பட்டதாக்கின. ஆனால் அந்தக் கருத்துகள் கைக்கு வரும்போது நாம் வேறு வேலைக்கு நகர்ந்திருப்போம். புதிய சோதனை எதுவும் பிடிபடாமல் தவிக்கும் நாளில், சென்ற ஆண்டுக் கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வரும். எல்லாம் கூடிவருகிறது என்று உற்சாகமாக இருக்கும் காலையில், மறந்தே போயிருந்த கட்டுரை நிராகரிக்கப்பட்டுத் திரும்பும். வரும் செய்திகள் எல்லாம் சென்ற ஆண்டு நாம் செய்தவற்றைப் பற்றியவை. அவற்றைத் தாங்க வேண்டியவரோ இன்றைய நாம். பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் போன்ற, மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை இணையத்தில் வெளியிடும் முன்பதிப்புத் தளங்கள், முடிவுகள் பிறரைச் சென்றடையும் நேரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. மதிப்பீடு வந்து சேரும் நேரத்தை அவற்றால் குறைக்க முடியவில்லை.

தேர்ந்த அறிஞர்களாலும் சில நேரங்களில் உடனடியாக மதிப்பிட முடிவதில்லை. பொருளுக்கும் அலைப்பண்பு உண்டு என்று பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி டி பிராய் 1924இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த கருத்து தேர்வாளர்களுக்கே புதிராக இருந்தது. தேர்வாளர்களுள் ஒருவரான பால் லாஞ்செவின் அதன் படியை ஐன்ஸ்டீனுக்கு அனுப்ப, அவர் அதை உற்சாகமாக வரவேற்றார். அலைகளைப் போலவே எலக்ட்ரான்களும் விளிம்பு விளைவுக்கு உள்ளாகின்றன என்று சோதனைகள் காட்டியது 1927இல்தான்.

தன்னைப் பற்றி நம்பத்தகுந்த மதிப்பீடு எதுவும் கைவசம் இல்லாதபோது, மனம் அந்த இடத்தைப் பக்கத்தில் இருப்பவர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. பக்கத்து மேசைக்காரரின் வெளியான கட்டுரை நமக்குத் தெரிகிறது. அதற்கு முன்னால் அவர் கிழித்துப்போட்ட வரைவுகள் தெரிவதில்லை. தகுதியில்லாமலே உள்ளே வந்துவிட்டோம், என்றாவது ஒருநாள் இது வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது என்று நினைக்கிறேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978இலேயே இந்த உணர்வை, சாதனை படைத்த பெண்களிடம் கண்டு எழுதினார்கள். ஆய்வுக்கூடத்தில் அது ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 2018இல் வெளிவந்த கணக்கெடுப்பில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பாலோர் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். அவர்களுள் 41 விழுக்காட்டினரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றமும், 39 விழுக்காட்டினரிடம் அதே அளவிலான மனச்சோர்வும் காணப்பட்டன. விரும்பியவர்கள் மட்டும் பதிலளித்த கணக்கெடுப்பு என்பதால் இந்த எண்களை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் நெறியாளரோடு நல்லுறவு உள்ளவர்களிடம் நிலைமை மேலாக இருந்தது என்று அதில் கண்டது, நான் அருகிலிருந்து பார்த்தவற்றோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சோதனை தோற்றதால் வரும் வருத்தம் வேறு. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பசி மறந்து, பிடித்தவர்களோடு பேசவும் பிடிக்காமல் போவது வேறு. இரண்டாவதை "ஆய்வு என்றால் அப்படித்தான்" என்று மூத்தவர்கள் சொல்லித் தேற்றக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லக் கூடாது. அது மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக வேண்டிய நிலை, அதுவும் தாமதிக்காமல்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன் படித்தவர்கள் சம்பளம் வாங்கி, வீடு கட்டி, குடும்பம் அமைக்கும் வயதில் நாம் உதவித்தொகையை எண்ணிச் செலவழிக்கிறோம், அதுவும் மாதம் தவறாமல் வருமா என்ற கவலையோடு. ஆய்வு தாமதமானால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடுகிறது. அது முடிந்ததும் வேலை தேட வேண்டியிருப்பதால் ஆய்வு மேலும் தாமதமாகிறது.

ஏற்றங்களைப் பற்றிப் பேசாமல் இறக்கங்களை மட்டும் எழுதினால் அது உண்மையாகாது. தூய்மையான மாதிரியின் வரைபடம் முதன்முதலாகத் திரையில் விரிந்த அந்த இரவில், அந்தப் பொருளைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. விடிந்ததும் சொல்லிவிடப் போகிறேன் என்றாலும், அந்தச் சில மணி நேரங்களுக்கு ஈடான மகிழ்ச்சியை நான் எந்தத் தேர்வு முடிவிலும் அடைந்ததில்லை. அதைவிடச் சிறிய மகிழ்ச்சிகளும் உண்டு: தலைசுற்ற வைத்த பழைய கட்டுரை ஒன்றை ஓராண்டு கழித்து எடுத்துப் படிக்கும்போது, அது எளிதாகப் புரிவதோடு அதன் ஆசிரியரோடு வாதாடவும் தோன்றுவது, புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும் கேள்விக்கு யோசிக்காமலே விடை வாயில் வருவது. இவற்றைக் கொண்டாட யாரும் வருவதில்லை. ஆனாலும் ஒருவர் ஆய்வாளராக மாறிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு, வெளியான கட்டுரைகளைவிட இவற்றையே நான் நம்பகமான அடையாளமாகக் கருதுகிறேன்.

நெறியாளர்களும் துறைத் தலைவர்களும் இதைப் படிப்பார்கள் என்றால், அவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இயற்கை தன் விடைகளைத் தாமதமாகத் தருவதை நாம் மாற்ற முடியாது. இதழ்களின் தாமதம் ஒரு துறையின் கையில் இல்லை. ஆனால் மாணவர் கொடுத்த வரைவு இயல், நெறியாளரின் மேசையில் மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடப்பது தவிர்க்கக்கூடிய தாமதம். வரைவைப் பெற்றுக்கொள்ளும்போதே அது திரும்பி வரும் தேதியை அதன் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடும் வழக்கத்தை என் நெறியாளர் வைத்திருந்தார். முழுதும் படிக்க நேரம் கிடைக்காத நேரங்களில், படித்தவரைக்கும் குறிப்பெழுதி, முதல் பக்கத்தில் குறித்த தேதியிலேயே கொடுத்துவிடுவார். இதற்குச் செலவில்லை, புதிய விதி எதுவும் தேவையில்லை. எல்லாத் துறைகளிலும் அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.