துலிப் முறையில் தாமரை: செய்து பார்த்ததும் திருத்தியதும்

துலிப் கிழங்கு நன்றாகப் பூக்க 12 முதல் 16 கிழமை வரை குளிர் வேண்டும். திருகோணமலை வெக்கையில் அதற்கு வழியில்லை. ஆனால் துலிப் படங்களில் கண்ணைப் பிடித்து வைப்பவை இரண்டே: கிண்ண வடிவம், இதழுக்குள்ளால் ஊறி வரும் வெளிச்சம். இரண்டும் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் குளத்துத் தாமரையில் இருக்கின்றன. ஆகவே துலிப்பைப் படம் எடுக்கச் சொல்லப்படும் முறைகளை அப்படியே தாமரையில் வைத்துப் பார்த்தாயிற்று. சில பொருந்தின, சில அடியோடு பிழைத்தன.

முதலில் பிழைத்தது நேரக் கணக்கு. 'சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலம் வரை பொன்வெயில்' என்பது ஒல்லாந்துக்குச் சரி. அங்கே சித்திரை மாதத்தில் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறும். அடிவானிலிருந்து 10 பாகை உயர ஏறக்குறைய 70 நிமிடம் எடுக்கும். திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் கிடக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் அதே உயரத்துக்கு ஆனி மாதத்தில்கூட 45 நிமிடம்தான். 5.50 அளவில் விடிந்தால் 6.35க்கு அந்த மென்மை போய்விடும். 6.15க்குக் குளத்தில் இறங்கினால் பாதி நேரம் இடம் தேடுவதிலேயே கழியும். இடத்தை முதல்நாள் பின்னேரமே பார்த்து வைக்க வேண்டும். காலையில் பூவுக்குப் பின்னால் சூரியன் வர வேண்டுமென்றால் நிற்க வேண்டியது மேற்குக் கரையில். குளக்கட்டு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைச் செய்மதிப் படத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

எந்தப் பூ என்பது அதைவிட முக்கியம். தாமரைப் பூவின் ஆயுள் மூன்று நான்கு நாள். முதல் நாள் வாய் சற்றே திறந்து மதியத்துக்கு முன் மூடிக்கொள்ளும். உள்ளே பொகுட்டு (பூவின் நடுக்கூம்பு) மஞ்சளாக இருக்கும், மகரந்தத் தாள்கள் அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். துலிப் வடிவம் கிடைப்பது இந்த ஒரு காலையில்தான். இரண்டாம் நாள் விரிந்து தாள்கள் விலகும், தேனீ மொய்க்கும்; பூச்சியோடு சேர்த்து எடுக்க அது நல்லது. மூன்றாம் நாள் நிறம் வெளிறி, சூலகமுடிகள் கறுக்கத் தொடங்கும். அதைத் தூரத்துக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோயில் வாசலில் வாங்கிய மொட்டைத் தண்ணீரில் வைத்து விரியக் காத்திருப்பதில் பயனில்லை. வெட்டிய மொட்டு பெரும்பாலும் விரியாமலே இதழ் ஓரம் கறுக்கும். பூசைக்கு இதழை மடித்து விடுவது அதனால்தான்.

கருவிகள்: 70-300 மி.மீ. லென்ஸ், சிறிய சென்சர் உள்ள கிறொப் கமரா, நெல் நிரப்பிய ஒரு கிலோ துணிப்பை. கட்டுச் சரிவில் முக்காலியின் ஒரு கால் எப்போதும் புதையும். நெற்பை கல்லில் உட்கார்ந்துவிடும், உயரமும் தாழும். அந்தத் தாழ்வுதான் தேவை. கட்டின் மேலிருந்து எடுத்தால் பின்னணி முழுக்க இலைக் குப்பை. தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத் தாழ்ந்தால் தண்டு உயர்ந்து நிற்கும் பூவுக்குப் பின்னால் எதிர்க்கரையின் இருள் வரும். ஆனால் தண்ணீருக்குள் கால் வைக்கக் கூடாது. இந்தக் குளங்களில் முதலை உண்டு. கந்தளாய்ப் பக்கம் விடியப்புறம் யானையும் நடமாடும்; நிலம் தெளியும் வரை வாகனத்தை விட்டு இறங்காமல் இருப்பதே சரி.

300 மி.மீ. நீளத்தில், 5 மீற்றர் தூரத்தில், எஃப்/5.6 (லென்ஸ் துவார அளவு) வைத்தபோது துலக்கமாக வந்தது ஏறக்குறைய 6 செ.மீ. ஆழம் மட்டுமே. துலிப்புக்கு அது போதும். 20 செ.மீ. அகலத் தாமரையில் முன் இதழ் கூர்மையாகவும் பொகுட்டு மங்கலாகவும் போய்விட்டது. எஃப்/8 இல் 9 செ.மீ., எஃப்/11 இல் 12 செ.மீ. முதல் நாள் கிண்ணத்துக்கு எஃப்/8 போதுமானது, விரிந்த பூவுக்கு எஃப்/11. இதழின் வழுவழுப்பில் தானியங்கிக் குவியம் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடும். இதழ் விளிம்பிலோ, நரம்பு தெளிவாகத் தெரியும் இடத்திலோ ஒற்றைப் புள்ளியை வைத்தால் நிற்கும்.

ஷட்டர் 1/500 செக்கனுக்குக் குறையக் கூடாது. நீண்ட தண்டில் நிற்கும் பூ, காற்று இல்லாதது போலத் தெரியும்போதும் ஆடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுவதால் 8 மணிக்குப் பிறகு 1/1000 வைத்தும் பல படங்கள் குழம்பின. ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 800 வரை தயங்காமல் ஏற்றலாம். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், ஆடிய படத்தைத் திருத்த முடியாது.

அதிகம் படம் கெட்டது நிறத்தில். பின்னால் வெயில் பட்ட ரோசா இதழில் சிவப்பு அலைவரிசை முதலில் நிரம்பி வழியும். கமராவின் பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) அடக்கமாகவே காட்டும், கணினியில் திறந்தால் நரம்பெல்லாம் அழிந்து ஒரே ரோசாத் தகடு. சிவப்புக்குத் தனி வரைபடத்தைத் திறந்து வைத்து, வலது ஓரத்தைத் தொடாத வரைக்கும் எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் மைனஸ் மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) போதுமானதாக இருந்தது. ரோ கோப்பாகவே (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுக்க வேண்டும். தானியங்கி வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) ரோசாவை ஊதாப் பக்கம் இழுக்கும், ஆகவே 5200 கெல்வினில் நிறுத்தி வைத்தோம். கைத்தொலைபேசியிலும் இதே வழிதான்: பூவை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, விரலைக் கீழே இழுக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் முறையை மட்டும் தொடவேண்டாம், அது இதழ் நுனிகளை வெட்டி விழுங்கும்.

போலரைசர் (பளபளப்பை அடக்கும் வடிகண்ணாடி) பூட்டியும் பார்த்தோம். பூவுக்கு நேரே பின்னால் சூரியன் இருக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை, ஒன்றரை ஸ்டொப் வெளிச்சம்தான் போகிறது. 7 மணிக்குப் பிறகு வெயிலைத் தோள் பக்கமாக வைத்து எடுக்கும்போது இலையின் வெள்ளைப் பளபளப்பை அடக்கிப் பச்சையைத் திருப்பித் தருகிறது. அந்த நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

துலிப்பில் செய்வது போல நீர் தெளிப்பது தாமரை இலையில் தேவையற்ற வேலை. இலையின் மெழுகும் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் தண்ணீரை உருட்டித் தள்ளும். கையெட்டும் இலையின் நடுக்குழியில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டால் அது தானாகவே உருண்டு மணியாகும்.

வெள்ளைத் தாமரைக்கு எக்ஸ்போஷர் கணக்கு மாறும். இருண்ட பின்னணியைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதனால் மைனஸ் 1 ஸ்டொப்பிலிருந்து தொடங்க வேண்டும். முகில் மூடிய காலையில் மட்டும் மைனஸ் மூன்றில் ஒன்று.