சொல்லாமல் வந்தவன்

2024 ஜூலை 14, ஞாயிறு

தம்பி வந்துவிட்டான். விடியப்புறம் 5.30 மணிக்குக் கதவைத் தட்டினான். ரொறன்ரோவுக்குப் போய் 11 வருடம், இடையில் ஒரு தரம்கூட வரவில்லை. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று மே மாதமே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நடு அறை வாசலில் நின்று, அம்மாவின் முகத்தை வீடியோ எடுப்பது என் வேலை.

எடுத்தேன். 43 விநாடி. யாருக்கும் அனுப்பவில்லை.

சத்தம் கேட்டதும் அம்மா விளக்கைப் போடவில்லை. கட்டிலில் எழும்பி இருந்தபடி, "கதவைத் திறக்காத" என்றார். குரல் அறையை விட்டு வெளியே போகாத மாதிரி. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் மட்டக்களப்பில், இந்தக் கல்லடியில் வளர்ந்தவளுக்கு அந்தக் குரல் தெரியாமல் இராது. இந்த நேரத்தில் யார் கதவைத் தட்டுவார்கள் என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். தம்பி அந்த நாளில் கைக்குழந்தை. அவனுக்கு ஞாபகம் இல்லை, சரி. நான் எப்படி மறந்தேன்?

"அம்மா, நான்தான்" என்று வெளியில் இருந்து கேட்டபிறகு நடந்ததெல்லாம் வழமையானதுதான். அழுகை, கட்டிப்பிடிப்பு, பிட்டு. நடுவில் அவன் முதுகில் இரண்டு அடியும் விழுந்தது. பகிடிக்கு அடித்த அடி இல்லை.

ஜூலை 15, திங்கள்

பயந்ததற்குத்தான் கோபம் என்று நினைத்து இருவரும் மன்னிப்புக் கேட்டோம். அம்மா கையை விசுக்கினார்.

"பயந்தது கிடக்கட்டும் மனே. மே மாசமே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் நான் சந்தோசமா இருந்திருப்பன்தானே. மா வறுத்திருப்பன். கருவாடு போட்டிருப்பன். பக்கத்து வீட்டு மச்சாளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லியிருப்பன். அந்த ரெண்டு மாசத்தையும் நீங்க ரெண்டு பேரும் திண்டுட்டீங்க."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி ராத்திரியாக வாட்ஸ்அப்பில் அவனோடு திட்டம் போட்டதும், இன்னும் 20 நாள், இன்னும் 9 நாள் என்று மனதுக்குள் எண்ணியதும், அம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டதும்! இந்த வருடத்தில் எனக்கு வாய்த்த நல்ல காலமே அதுதான். அம்மாவுக்குச் சேரவேண்டியது என்று அப்போது தோன்றவேயில்லை.

ஜூலை 17, புதன்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு எதற்கும் ஒரு பரிசோதனை ஞாபகம் வரும். டார்வின் லண்டன் மிருகக்காட்சிசாலையில் விரியன் பாம்புக் கூட்டின் தடித்த கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பாம்பு கொத்தினாலும் அசையக்கூடாது என்று உறுதி எடுத்தாராம். கொத்தியது. மனிதர் சில அடி பின்னால் பாய்ந்துவிட்டார். 1872 இல் வந்த நூலில் தானே எழுதியிருக்கிறார். கண்ணாடி இருக்கிறது என்பது புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அம்மாவின் முதல் பத்து விநாடியும் அப்படித்தான்.

மற்றது ஷுல்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் குரங்குகளில் கண்டது. எதிர்பாராமல் பழச்சாறு வாயில் சொட்டினால் மூளையின் டோபமின் நரம்புக்கலங்கள் சடசடவென்று துடிக்கும். ஒவ்வொரு முறையும் முன்னதாக ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கினால், அந்தத் துடிப்பு அடையாளம் தெரியும் கணத்துக்கு மாறிவிடும். சாறு வரும்போது புதிதாக ஒன்றும் நடக்காது. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காவிட்டால், வழமையாக இருக்கும் துடிப்பும் அந்த நேரத்தில் அடங்கிப்போகும். (டோபமின் என்றால் சந்தோசம் என்று என் பிள்ளைகள் சோதனைத்தாளில் எழுதுகிறார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் கலங்கள் காட்டுகின்றன. அரைப் புள்ளி குறைப்பேன்.)

சாறு வரப்போகிறது என்ற சேதியையே அம்மா கேட்கிறார். நாங்கள் திடீரென்று வாயில் ஊற்றினோம்.

ஜூலை 19, வெள்ளி

அம்மாவுக்குத் திடீர் என்பதே பிடிக்காது என்று நினைத்திருந்தேன். இன்று முட்டை உடைத்தார், உள்ளே இரண்டு மஞ்சள் கரு. சின்னப்பிள்ளை மாதிரிக் கூப்பிட்டுக் காட்டினார். பொரிக்கவும் மனமில்லை.

தொல்காப்பியம் வியப்பை மருட்கை என்கிறது. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் பிறக்குமாம். சிறுமையையும் சேர்த்துக்கொண்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கவனிக்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று கதவைத் தட்டி வராது.

ஜூலை 20, சனி

போயா, பூரணை நாள். எங்கள் வாவியில் பூரணை இரவில் மீன் பாடும் என்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்கத் தம்பி தோணி பேசினான். இதை மூன்று நாளுக்கு முன்பே அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 உம் போயா நாள்தான். அன்றிலிருந்து பூரணைக்கு அம்மா தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. இன்று பாலத்தடி வரை வந்து கரையில் நின்றார்.

கல்லடிப் பழைய பாலத்துக்கு இந்த வருடம் நூறு வயது. 2013 இல் திறந்த புதுப் பாலத்தில் வாகன இரைச்சல் ஓயவில்லை. "கேக்கும் எண்டு சொல்லமாட்டன் தம்பி, கேட்டாக் கேக்கும்" என்றார் தோணிக்காரர். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்தோம். பாடுவது மீன் என்பார்கள், ஊரி என்ற சிப்பி வகை என்பார்கள். ஈரவிரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தாற்போல என்று 1848 இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதி வைத்ததை நான் தம்பிக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அவன் குவளையையே தேடிக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏதோ முனகல் கேட்டது. தோணி மரமாகவும் இருக்கலாம்.

ஜூலை 27, சனி

மாமா வந்திருந்தார், கூத்துக் கதை. சின்ன வயதில் வடமோடிக் கூத்தில் அபிமன்னனுக்கு, பாரதத்து அபிமன்யுவுக்கு, ஆடியவர். வட்டக்களரியைச் சுற்றி இருந்தவர்களில் கதை தெரியாதவர் யார்? சக்கரவியூகத்துக்குள் போகிறவன் திரும்ப மாட்டான் என்று கச்சான் விற்கிற பொடியனுக்கும் தெரியும். இருந்தும் விடியவிடிய இருப்பார்கள்.

"உன்ட அம்மா நான் சாகக்குள்ள அழமாட்டா. சல்லாரி தட்டி நான் வரவுக்கு வரக்குள்ளயே தொடங்கிருவா" என்றார் மாமா.

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டு, "மறுகா அழ எனக்கு நேரமில்ல" என்றார்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா. சனம், வெயில், கால்வலி. தம்பி வீடியோவைக் கேட்டான். அழித்துவிட்டேன் என்றேன். சொன்னபிறகுதான் அழித்தேன்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

போய்விட்டான். போகும் முன்னால் அடுத்த சித்திரைக்கு வருவேன் என்றான். "திகதி?" என்றார் அம்மா. இன்னும் ரிக்கற் எடுக்கவில்லை என்றான். வான் வாசலில் நின்றுகொண்டிருந்தது. "எடுத்துப்போட்டுப் போ" என்று முற்றத்துக் கதிரையைக் காட்டினார். அவன் இருந்து போனில் எடுத்தான். சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.

அடுத்த வருடத்துக் கலண்டர் இன்னும் கைக்கு வரவில்லை. டிசம்பர்த் தாளின் பின்பக்கத்தில் அம்மா பேனையால் ஏப்ரல் 11 என்று எழுதியிருக்கிறார். மச்சாளுக்குச் சொல்லியாயிற்று. மா வறுப்பது மார்ச் கடைசியிலாம்.