உள்நாட்டுப் போர் டோக்கன்: விலையைத் தீர்மானிக்கும் கடைசி எழுத்து

1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே தங்கம், வெள்ளியோடு செப்பு-நிக்கல் சென்ட்டையும் மக்கள் பதுக்கிவிட்டார்கள். சில்லறைக்கு வழியில்லாத கடைக்காரர்கள் 19 மி.மீ. செப்பு டோக்கன்களை அடித்துப் புழங்கவிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஆண்டு 1863. சிலவற்றில் ‘ஒன் சென்ட்’ கொட்டை எழுத்தில் இருக்கும், மேலே ‘நாட்’ (‘அல்ல’) மட்டும் பொடியாக. குறும்புதான்! நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லரின் டோக்கன்களை மூன்றாம் அவென்யூ ரயில் கம்பெனி கட்டணமாக வாங்கிச் சேர்த்து, மாற்றித் தரக் கேட்டதும் அவர் கையை விரித்துவிட்டார். 1864 ஏப்ரல் 22 சட்டம் தனியார் சென்ட்டுகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கடைப் பெயருள்ள டோக்கனுக்குச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் பட்டியல் எண்ணான ஃபுல்ட் எண்ணில் மாநிலம், ஊர், கடை, அச்சு எல்லாம் வந்தபின் கடைசியில் ஒரு சின்ன எழுத்து நிற்கும். அது உலோகம்: ஏ செம்பு, பி பித்தளை, டி செப்பு-நிக்கல், இ வெள்ளை உலோகம், எஃப் வெள்ளி. ஒரே அச்சில் செம்பு சல்லிசாகக் கிடைக்கும், வெள்ளிக்குப் பல மடங்கு கேட்பார்கள். ஏமாறுவது இங்கேதான். செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது.

தராசுக்குத் தெரியும். டோக்கனை எடை போடுங்கள், 3.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் டோக்கனைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 0.36 காட்டினால் 3.20-ஐ அதால் வகுக்க அடர்த்தி 8.9, செம்பு. அசல் வெள்ளியானால் 0.30 அல்லது 0.31 காட்டி 10.5-ஐ ஒட்டி வரும். எழுத்துகளின் இடுக்கில் குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாகக் காட்டும், அதனால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விடுங்கள்.

செம்பா பித்தளையா என்று பார்க்க 0.01 கிராம் தராசு போதாது. 0.36 என்பது 0.37 ஆனாலே விடை 8.65-க்கு இறங்கிப் பித்தளையாகிவிடும். 0.001 கிராம் தராசு வேண்டும். செப்பு-நிக்கலின் அடர்த்தி செம்பை ஒட்டியே இருப்பதால் அதற்கு நிறம்தான் சாட்சி: வெளிறிய, சற்றே மஞ்சளோடிய சாம்பல்.

புளி போட்டுத் தேய்த்த செம்பு பளபளக்கும், விலை பாதாளத்துக்குப் போகும். பிவிசி உறையின் பச்சைப் பிசுக்கைச் சுத்த அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிறகு பிவிசி கலக்காத மைலார் உறையில் போடுங்கள்.

வேற்று உலோக டோக்கன்களில் பல, அன்றைய சேகரிப்பாளர்களுக்காகவே அடித்தவை. கல்லாவைப் பார்த்ததே இல்லை. முதல் பத்து டோக்கன்களையாவது கைபட்டுத் தேய்ந்த செம்பிலேயே வாங்குங்கள்.