முதல் கன்டெய்னர் கப்பலேறும் வரை: சிறு காபி விவசாயிகள் குழுவும் வாங்குபவரும்

வாங்குபவருடன் உட்கார்ந்ததும் எல்லாக் குழுக்களும் விலையில்தான் பேச்சைத் தொடங்குகின்றன. முதலில் பேச வேண்டியது தேதிகளை. பழம் பறிக்கிற நாளுக்கும் ஏற்றுமதிப் பணம் குழுவின் கணக்கில் விழுகிற நாளுக்கும் நடுவே மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை ஓடிவிடுகிறது. அந்த இடைவெளிக்கு யார் பணம் போடுவது என்று எழுதாத ஒப்பந்தம், விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாதி அறுவடையில் ஆட்டம் கண்டுவிடும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது புரியும். இருபது அடி கன்டெய்னரில் 60 கிலோ மூட்டைகள் 320 ஏறும், 19.2 டன் பச்சைக் கொட்டை (உரித்து உலர்த்திய, இன்னும் வறுக்காத காபிக் கொட்டை). ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஆறு முதல் ஏழு கிலோ பழம் தேவை. உடைசல், கருங்கொட்டை, பூச்சி துளைத்தது எல்லாம் கழிந்துபோகும் என்பதால் 7 கிலோ என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக, ஒரு கன்டெய்னருக்கு ஏறக்குறைய 134 டன் பழம். ஹெக்டேருக்கு 600 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கிற தோட்டத்தில் ஆளுக்கு அரை ஹெக்டேர் இருந்தால், 64 குடும்பங்களின் விளைச்சல் மொத்தமும் வந்து சேர வேண்டும். ஒருவரும் ஒரு கூடைகூட வெளியே விற்கக் கூடாது. அப்படி எங்கும் நடப்பதில்லை. நூறு குடும்பமாவது சேர்ந்த பிறகுதான் முழுக் கன்டெய்னருக்குக் கையெழுத்துப் போடலாம். அதற்கு முன், இன்னொரு குழுவின் சரக்கோடு சேர்த்து ஏற்ற வாங்குபவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டு வைப்பது நல்லது.

உறுப்பினர் வெளியே விற்பதைத் துரோகம் என்று கூட்டத்தில் பேசிப் பயனில்லை. வழக்கமான வியாபாரி வாசலுக்கு வருகிறார், பழுத்ததா காயா என்று பார்க்காமல் எடைபோடுகிறார், கையில் ரொக்கம் தருகிறார். வருமானம் இல்லாத மாதங்களில் கடனும் அவர்தான் கொடுத்திருப்பார். குழு அவரோடு போட்டி போட வேண்டியது இறுதி விலையில் மட்டுமல்ல, பணம் கைக்கு வருகிற வேகத்திலும்தான். பழம் கொடுத்த அன்றோ மறுநாளோ முதல் தவணை போய்ச் சேர்ந்துவிட்டால் வெளி விற்பனை தானாகக் குறைகிறது. ஒரு வாரம் தள்ளிப்போனால் மறுபடி கூடும். பறிப்புக் கூலியை விவசாயி அன்றன்றைக்குத் தந்தாக வேண்டும், அவரால் காத்திருக்க முடியாது.

இதற்காகத்தான் முன்பணம். சிறு விவசாயிகளுக்கு நியாய விலை கிடைக்கச் சான்றிதழ் முறை நடத்தும் ஃபேர்டிரேட் அமைப்பின் விதிப்படி, குழு கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்பணத்துக்கு வாங்குபவர் வழிசெய்ய வேண்டும். சான்றிதழ் இல்லாத கூட்டிலும் இதே அளவைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அந்த 60ஐ அப்படியே முதல் தவணையாகப் பங்கிட்டுவிடுவது பெரிய ஆபத்து. ஒப்பந்த மதிப்பு 100 என்றால், ஆலைக் கூலி, தரம்பிரிப்பு, சாக்கு, வண்டி, ஏற்றுமதிக் காகிதங்கள் என்று 15 போய்விடலாம். அதுவும் சரக்கு துறைமுகம் சேரும் முன்பே கட்ட வேண்டிய பணம். மீதி 45தான் விவசாயிக்கான முதல் தவணை. வாங்குபவரின் பணம் வந்ததும் முன்பணத்தைக் கழித்து, வட்டியையும் சேமிப்புக்கு ஒரு சிறு பங்கையும் எடுத்துவைத்த பிறகு இரண்டாம் தவணை. இந்தப் பிரிப்பை அறுவடைக்கு முன்பே எழுதிக் கொள்முதல் நிலையத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டாம் தவணை எவ்வளவு வரும் என்று தெரியாதவர் அது வரவே வராது என்றுதான் நினைப்பார்.

இனி விலை. 2001இல் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காபி ஒரு பவுண்டு எடை 50 சென்ட்டுக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. இப்படி ஆடுகிற சந்தையில் ஒரே நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டால், ஏறும்போது உறுப்பினர்கள் ஓடிப்போவார்கள், இறங்கும்போது வாங்குபவர் காரணம் தேடுவார். அடிமட்ட விலை ஒன்று, அதற்கு மேல் சந்தை போனால் சந்தை விலை, இரண்டிலும் தரத்துக்கான கூடுதல் தனியாக: நாங்கள் பரிந்துரைப்பது இந்த அமைப்பைத்தான். ஃபேர்டிரேட் முறையின் அடிப்படையும் இதுவே. அங்கே 2023 ஆகஸ்ட் முதல் தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு அடிமட்டம் பவுண்டுக்கு 1.80 டாலர், சமூக நிதியாக 20 சென்ட், இயற்கை வேளாண் சான்று இருந்தால் மேலும் 40 சென்ட்.

பல குழுக்களைக் கவிழ்த்தது ‘விலை பிறகு முடிவாகும்’ என்கிற ஒப்பந்தம். நியூயார்க் விலைக்கு மேல் இத்தனை சென்ட் என்று மட்டும் எழுதுவார்கள். எந்த நாள் விலை என்பது பிற்பாடு. பழத்தை இன்றைய விலைக்கு வாங்கிவிட்டு, ஏறட்டும் என்று விற்பனை விலையை நிர்ணயிக்காமல் காத்திருந்தால் அது வியாபாரமல்ல, சூதாட்டம். வாங்கிய அளவுக்கு அவ்வப்போது விலையைப் பூட்டுவதுதான், அதாவது அன்றைய சந்தை விலையையே விற்பனைக்கும் உறுதிசெய்துகொள்வதுதான் சரி. ஆனால் நியூயார்க்கில் ஒரு லாட் (ஒரு சந்தை ஒப்பந்தத்தின் அளவு) 37,500 பவுண்டு, அதாவது 17 டன். சிறு குழுவின் முழுச் சரக்கே ஏறக்குறைய ஒரு லாட்தான் என்பதால் துண்டு துண்டாகப் பூட்ட வழியில்லை. ஆகவே விலையைப் பூட்டும் உரிமை குழுவிடம் இருக்க வேண்டும், கடைசி நாளும் குறிக்கப்பட வேண்டும். இந்த விலைக்குக் கீழே இறங்கினால் குழுவைக் கேட்காமலே வாங்குபவர் பூட்டிவிடலாம் என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

கொள்முதல் நிலையத்தில் நம்பிக்கையைக் கெடுப்பது தராசு. தினமும் காலையில் எடை தெரிந்த ஒரு கல்லை எல்லார் முன்னிலையிலும் வைத்துச் சரிபார்த்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி மிதப்பதை அரித்தெடுக்க வேண்டும். மிதப்பது பூச்சி அரித்தது அல்லது உள்ளே சரியாக முற்றாதது. அதைத் தூக்கியெறியாமல் தனியாக எடைபோட்டு, குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த முறை நல்ல பழமும் வராது.

தண்ணீரும் வண்டிப்பாதையும் இருந்தால் பல்பரை (பழத்தோலை உரிக்கும் எந்திரம்) குழுவே ஓரிடத்தில் வைத்துக்கொள்வது மேல். பறித்த எட்டு மணி நேரத்துக்குள் தோல் உரிக்கப்பட வேண்டும். பல்பரின் இடைவெளி இறுக்கமாக இருந்தால் கொட்டையில் வெட்டு விழும்; அந்த வெட்டில் புளிப்பு ஏறிக் கறுக்கும். தளர்வாக இருந்தால் தோல் ஒட்டிக்கொண்டே தொட்டிக்குப் போகும். பழத்தின் பருமன் பருவத்தோடு மாறுவதால், அறுவடையின் நடுவிலும் கடைசியிலும் மறுபடி திருகிச் சரிசெய்ய வேண்டும். தோல் உரித்த கொட்டை, மேலே ஒட்டியிருக்கும் வழுவழுப்புக் கழிய, தொட்டியில் 12 முதல் 36 மணி நேரம் புளிக்க வேண்டும். குளிர் கூடினால் நேரமும் கூடும். கடிகாரத்தைவிடக் கைதான் நம்பகமானது. ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் வழுவழுப்புப் போய்ச் சரளைக்கல் போல நறநறக்க வேண்டும். நேற்றைய சரக்கு கிடக்கிற தொட்டியில் இன்றையதைக் கொட்டவே கூடாது. அளவுக்கு மீறிப் புளித்த கொஞ்சக் கொட்டை ஒரு மூட்டையையே நாறடித்துவிடும்.

அந்த வசதி இல்லாத இடங்களில் விவசாயி வீட்டிலேயே உலர்த்திய பார்ச்மென்ட்டை (பழத்தோல் போய், உள்தோடு மட்டும் நீங்காத கொட்டை) வாங்கலாம். அப்போது எடையை மட்டும் பார்த்துப் பணம் தராமல், ஒவ்வொருவர் சரக்கிலிருந்தும் 200 கிராம் எடுத்து உரித்துப் பாருங்கள். சுமார் 160 கிராம் கொட்டை வந்தால் சரி. ரொம்பக் குறைந்தால் உள்ளே வெற்றுத்தோடும் சொத்தையும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஈரப்பதம் பற்றிய சண்டை கட்டாயம் வரும். வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம். 12இல் எடைபோட்ட சரக்கு 10.5க்கு உலர்ந்தால் எடையில் 1.7 சதவீதம் காணாமல் போகும். ஒரு கன்டெய்னருக்கு ஐந்து மூட்டைக்கும் மேல். யாரும் திருடவில்லை, காற்றில் போயிற்று. ஆனால் கணக்கில் அதற்கு இடம் ஒதுக்காவிட்டால் பழி கிடங்குக்காரர் தலையில் விழும். இரண்டு ஈரமானிகள் ஒரே சரக்குக்கு இரண்டு எண் காட்டுவதும் சகஜம். ஆகவே யாருடைய கருவியின் எண் செல்லும் என்பதை எழுதிவையுங்கள். சாம்பிளுக்கும் இதே முறைதான். ஒரே கலவையிலிருந்து 350 கிராம் வீதம் மூன்று பைகள்: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று குழுவுக்கு, மூன்றாவது முத்திரையிட்டு இருவருக்கும் பொதுவாக. காபியைச் சுவைத்து மதிப்பெண் போடும் கப்பிங்கில் அவர் 81 என்றும் நீங்கள் 84 என்றும் சொல்லும்போது அந்த மூன்றாவது பை இல்லாவிட்டால் பேச எதுவும் இருக்காது. குழுவில் இரண்டு பேராவது கப்பிங் கற்றிருக்க வேண்டும். தன் காபியைத் தானே சுவைத்துப் பார்க்காதவர் அடுத்தவர் தந்த மதிப்பெண்ணைத்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

கூட்டாளி நிறுவனம் (வாங்குபவரோ ஏற்றுமதியாளரோ) செலவை ஏற்றுச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்றால், சான்றிதழ் யார் பெயரில் என்று கேளுங்கள். ஏற்றுமதியாளர் பெயரில் இருந்தால், அதே தோட்டத்துக் காபியை வேறொருவருக்குச் சான்றுள்ள காபியாக விற்க முடியாது. இயற்கை வேளாண் சான்றுக்கு மாறும் காலம் 36 மாதம். அந்த மூன்றாண்டும் விளைச்சல் குறையலாம், கூடுதல் விலை கிடைக்காது. இழப்பை யார் சுமப்பது என்று பேசாமல் தொடங்காதீர்கள்.

தோட்ட வரைபடத்திலும் இதே சிக்கல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 காடழிப்பு விதிப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்துக் காபி அங்கே விற்பனைக்குப் போகக் கூடாது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப் போடப்பட்டிருந்தாலும் வாங்குபவர்கள் விவரம் கேட்கிறார்கள். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அதற்குள் என்றால் ஆறு தசம இலக்கத்தில் ஒரு புள்ளி போதும். வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிடுவது, புள்ளியைத் தோட்டத்தில் நின்று எடுக்காமல் வீட்டு வாசலில் எடுப்பது. முதல் பிழையில் தோட்டம் கடலுக்குள் போய்விடும், உடனே தெரிந்துவிடும். இரண்டாவது யார் கண்ணிலும் படாது. இந்தத் தரவின் பிரதி குழுவிடமும், தன் பகுதி ஒவ்வொரு விவசாயியிடமும் இருக்க வேண்டும். வாங்குபவரின் செயலிக்குள் மட்டும் கிடந்தால் குழு அவரை விட்டு நகர முடியாது.

பழைய செடிகளை மாற்றும் உதவி கிடைத்தாலும் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டச் சம்மதிக்க வேண்டாம். புதுச்செடி காய்க்க மூன்றாண்டு ஆகும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று போனால் வருமானம் முழுதாக அறுந்துபோகாது. நாற்று இலவசமாக வந்தாலும் நடுகிற கூலிக்கும் நிழல்மரத்துக்கும் பணம் வேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் பிரிந்துபோவதற்கான விதி இருக்கட்டும். எத்தனை மாத முன்னறிவிப்பு, திருப்பாத முன்பணம் எப்படிக் கழியும், கூட்டாளி கொடுத்த பல்பரும் ஈரமானியும் எத்தனை பருவத்துக்குப் பின் குழுவுக்குச் சொந்தம் என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும். முன்னறிவிப்புக் காலம் அறுவடைக்கு முன்பே முடிகிற மாதிரி தேதி போட்டால், விலகிய பிறகும் வேறு வாங்குபவரைத் தேட நேரம் கிடைக்கும்.