இப்போதைக்கு இல்ல

அந்த வார்த்தை வாய் தவறி வந்தது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் சொன்னேன். அதனால்தான் மூன்று வருஷமாக உறுத்துகிறது.

நாலாம் வகுப்புப் பையன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. வீட்டில் அவனிடம், "அம்மாவுக்கு ரத்தம் கம்மி, ஆஸ்பத்திரியில ஏத்துறாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். புற்றுநோய் வார்டில் ஆலோசனைக்கு என்னிடம் வரும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொய்களில் இது ரொம்பச் சாதுவான பொய். ஆனால் அவருக்கு முதலில் ஏற்றிய கீமோ மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். வார்டில் அதற்குச் செவப்பு மருந்து என்றுதான் பேர். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவார், நோயாளியிடம். வீட்டில் இருக்கிற ஒன்பது வயதுக்காரனிடம் யார் சொல்வது?

லீவு நாளில் கூட வந்தவன், கதவு இடுக்கு வழியாகச் சிவப்பு இறங்குவதைப் பார்த்திருக்கிறான். மறுநாள் காலை வீட்டுக் கக்கூஸிலும் சிவப்பு. ஏற்றிய ரத்தம் அம்மா உடம்பில் நிற்காமல் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகை, அம்மா பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே காவல். கடைசியில் அப்பத்தாதான் அவன் வாயைப் பிடுங்கி வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது சுற்று கீமோவுக்கு வந்த அன்று அம்மா உள்ளே படுத்திருந்தார். அப்பா என்னிடம், "மேடம், நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வராது" என்றார்.

பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் உட்கார வேண்டும். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே இதுதான். அன்றைக்கு வெளியே இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். சரி என்றுவிட்டேன். கெட்ட செய்தி சொல்வதற்கென்று டாக்டர்களுக்கு ஆறு படிகள் கொண்ட ஒரு முறை இருக்கிறது, 2000-இல் வெளியானது, ஸ்பைக்ஸ் என்பார்கள். அதில் முதல் படியே தனியான, அமைதியான இடம். எங்களுக்கு அன்று கிடைத்த படி, மாடிப்படிதான். நானும் பையனும் உட்கார்ந்தோம். அப்பா இரண்டு படி கீழே நின்றார்.

"அம்மாவுக்கு ரத்தம் கம்மி இல்லப்பா. மார்ல ஒரு கட்டி. அதுக்குப் பேர் கேன்சர்." பெயரை மறைக்கக் கூடாது. நாம் மறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பிறகு வழக்கமாகச் சொல்கிற மூன்றையும் சொன்னேன்: நீ செய்த எதனாலும் இது வரவில்லை, தொட்டால் ஒட்டாது, அம்மாவுக்கு முடியாத நாளில் உன்னைப் பார்த்துக்கொள்ள அப்பத்தா இருக்கிறார். ஒட்டாது என்றதும் நிமிர்ந்து பார்த்தான். அவனை அம்மாவோடு படுக்க விடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. செவப்பு மருந்தைப் பற்றிச் சொன்னபோது முகம் அப்படியே தளர்ந்தது.

"அப்ப அது மருந்தோட கலரா? ரஸ்னா மாதிரியா?"

"ஆமாடா."

சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம், அதே மூச்சில்: "அம்மா செத்துருவாங்களா?"

மாட்டார்கள் என்று சத்தியம் செய்யக் கூடாது. பின்னால் அது பொய்யாகிவிட்டால் அந்தப் பிள்ளை எந்தப் பெரியவரையும் நம்பாது. இது எனக்குத் தெரியும், இன்றும் நம்புகிறேன். அதனால்தான் சொன்னேன்: "இப்போதைக்கு இல்ல."

தலையாட்டினான். மறுநாளே பள்ளிக்கூடம் போனான். அப்பா போன் செய்து நன்றி சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான்.

மூன்று வாரம் கழித்து அம்மா வந்தார், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. "தினம் ஷூ மாட்டறப்பக் கேக்குறான் மேடம். 'இன்னைக்கும் இப்போதைக்குத்தானம்மா?'ங்கிறான். நான் என்னத்தச் சொல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

மளிகைக் கடையில் ஒரு சாமான் கேட்டு, "இப்போதைக்கு இல்லண்ணே" என்று கடைக்காரர் சொன்னால் நமக்கு என்ன அர்த்தம்? நாளைக்கோ நாளன்னைக்கோ சரக்கு வந்துவிடும். பையனுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்திருக்கிறது. கையேடுகளில் அந்த இடத்துக்கு நீளமாக, பதமாக ஒரு பதில் இருக்கும். என் வாயில் அது கடைக்காரர் பதிலாகச் சுருங்கிவிட்டது.

இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். "அம்மாவைக் குணமாக்கத்தான் மருந்து ஏத்துறாங்க. எல்லாருக்கும் குணமாகும்னு சொல்ல முடியாது, ஆனா நிறையப் பேருக்கு ஆகுது. ஏதாவது மாறுச்சுன்னா உன்கிட்ட மறைக்காமச் சொல்லுவோம்." நல்ல வாக்கியம்தான். ஆனால் போன வருஷம் நாலாம் நிலையில் இருந்த ஒரு தகப்பனாரின் மகள் அதே கேள்வியைக் கேட்டபோது இந்த நல்ல வாக்கியம் தொண்டையைத் தாண்டவில்லை. "இப்போதைக்கு இல்லம்மா" என்றுதான் மறுபடியும் வந்தது. ஒன்றரை மாதத்தில் அவர் போய்விட்டார். அங்கே அந்தச் சொல் சரியாகவே இருந்தது. அப்படியானால் தப்பு சொல்லில் இல்லையா, ஆள் பார்த்துச் சொல்லாததிலா? இரண்டாம் நிலை அம்மாவுக்கும் நாலாம் நிலை அப்பாவுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அதற்கு நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டேனா?

இதைச் சீனியர் ஒருவரிடம் சொன்னேன். "பையன் ஸ்கூலுக்குப் போனான்ல, விடு" என்றார். அதுவும் உண்மைதான். வாயே திறக்காமல் பாத்ரூம் வாசலில் நின்றவன், குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஆரம்பித்தான். இப்படிச் சமாதானம் செய்துகொண்டு சில மாதம் சும்மா இருப்பேன்.

அப்புறம் அந்த மாடிப்படி ஞாபகம் வரும். "செத்துருவாங்களா"வை அவன் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. இரண்டு படி கீழே பார்த்துக் கேட்டான். அங்கே அப்பா, அணைந்துபோன போன் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். பையன் கேட்டதும் தலையைத் தூக்கினார், வாயைத் திறந்தார் என்றே நினைக்கிறேன். நான் முந்திக்கொண்டேன். நிஜமாகவே திறந்தாரா, நானாக இப்போது திறந்து வைக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாய் வராது என்று சொன்ன மனுஷன்தான். ஆனால் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் ஏதோ ஒன்று வந்திருக்கும். உளறலாக இருந்திருக்கலாம், பொய்யாகக்கூட. தினமும் ஷூ மாட்டும்போது அந்த உளறலைத் தட்டிக் கேட்க, சொன்ன ஆள் அவன் வீட்டிலேயே இருந்திருப்பார்.

மிச்ச கீமோ, ஆபரேஷன், கரண்ட் வைத்தது என்று சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து அம்மா இப்போது ஃபாலோ-அப்பில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். பையன் ஏழாம் வகுப்பு, குரல் உடைகிற வயது. போன மாதம் மேமோகிராம் எடுக்க வந்தபோது வராண்டாவில் நின்றிருந்தான். ஃபைலோடு கடந்துபோன என்னைக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, ரிப்போர்ட் எப்ப வரும்?"

"வியாழக்கிழமை."

"காலையிலயா, மத்தியானமா?"

"மூணு மணிக்கு மேல."

பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். கொஞ்சம் தள்ளி பெஞ்சில் அவன் அப்பா இருந்தார். அவரிடம் போய்க் கையை விரித்துக் காட்டினான்.